நாலு விரல்

தேவாலாவில் ஆடி மாதம் துணி காய்வதில்லை.
ஏழாம் நம்பர் அறையிலிருந்து
வழிக்கடவு லாரிக்காரர்
சோப்பு நுரைத் தலையோடு கத்துகிறார்:
"சேச்சீ, வெள்ளம் ஐஸு!"
பாய்லர் இரண்டு முறை இருமி
வெள்ளைப் புகை துப்பி
அணைந்துபோனது.

நேராக பங்க்குக்குப் போனேன்.
டீசலில் தண்ணீர் கலக்கிற பயல் என்று
வரிசையில் நின்ற ஜீப்புகள் கேட்கச் சொன்னேன்.
சந்திரதாஸ்
அளவுக் குடுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மதியம் மெக்கானிக் பீரான் வந்தார்.
குச்சி நுனியில் ஏதோ பசை தடவித்
தொட்டிக்குள் இறக்கினார்.
வெளியே எடுத்தபோது
நாலு விரல் உயரம் சிவந்திருந்தது.
"தண்ணி மேல வராது.
அடியில உட்கார்ந்து காத்திட்டிருக்கும்."

யார் ஊற்றியது என்றேன்.
மூடியின் உட்புறத்தை விரலால் வழித்து
என் உள்ளங்கையில் தடவினார்.
ஈரம்.
"அரைத்தொட்டி டீசல், மீதி வெறும் காத்து.
ராத்திரி குளிர்ல இரும்பு வேர்க்கும்.
அடி வடிச்சு எத்தனை வருஷம்?"

அடியில் ஒரு திருகு இருப்பதே
இன்றுதான் தெரியும்.

திறந்தார்.
முதலில் தேயிலைச் சாயம் போல நீர்,
அப்புறம் ஒரு கொழகொழப்பு,
வெகு நேரம் கழித்து எண்ணெய்.
மூன்று வாளி.
ஓடையில் கொட்டிவிடாதே என்றார்.

இனித் தொட்டி நிரம்பியே இருக்க வேண்டுமாம்.
இருநூறு லிட்டர்.
இந்தப் பக்கம் பங்க் ஒன்றுதான்.

பீப்பாயில் குழாயைச் செருகினான் சந்திரதாஸ்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"ஜீரோ பாத்துக்கங்க."

பார்த்தேன்.