பாடம் நான்கு: விடுபட்ட மதிப்புகள்

மூன்றே வரிதான் எழுதியிருந்தேன்:
ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சராசரி வராது.
பயப்பட ஒன்றுமில்லை.
காலியை விட்டுவிட்டுக் கணக்கிடச் சொன்னால் கணக்கிடும்.

பூவிதழ் நீளம் அலுத்துப்போய்
எடுத்துக்காட்டுக்கு
மீனம்பாக்கம் மழையளவைக் கொடுத்திருந்தேன்.

புளியந்தோப்பு தில்ஷாத்
மழையைத் தொடவே இல்லை.
அவள் அனுப்பிய பயிற்சியில்
தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி.
தொண்ணூறு நாள்,
நாளுக்கு எத்தனை குடம் கிடைத்ததென்று
செல்போனில் தட்டிய அட்டவணை.
முதல் தடவை அடைப்புக்குறியை மூட மறந்து,
திரையில் ஒரு கூட்டல் குறி காத்திருக்க,
கணக்குத்தான் ஓடுகிறதென்று
அரைமணி நேரம் அவளும் காத்திருந்தாளாம்.

பிறகு விடை வந்துவிட்டது: ஆறு குடம்.
அதன் கீழே,
"பதினேழு கட்டம் காலி மேடம்.
பத்து நாள் நான் ஆம்பூர் போயிருந்தேன், எண்ணவில்லை.
ஏழு நாள் லாரியே வரவில்லை.
ரெண்டும் ஒண்ணா?"

வேளச்சேரியில் என் சமையலறைக் குழாய்
சொட்டிக்கொண்டிருந்தது.
எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்தேன்.

ஏழு கட்டத்தில் பூஜ்யம் இட்டேன்,
பத்தை அப்படியே விட்டேன்.
ஆறு, ஐந்தரைக்கும் சற்றுக் கீழே போய் நின்றது.

நாளுக்கு அரைக் குடம்.
அந்த வீட்டுக்கு வராத தண்ணீர்,
என் மூன்றாம் வரி ஊற்றியது.

நான்காம் பாடம் இப்போது ஏழு பக்கம்.
பாதியில் விட்டுப்போகிறவர்கள்
கூடித்தான் இருக்கிறார்கள்.