முன்பு படித்த பள்ளி

அந்தக் கட்டத்தில் வந்து பேனா நின்றுவிட்டது.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது நிறுத்தம்.
ஓட்டுக் கட்டடம். தமிழுக்கு ஒரு டிவிஷன்,
மலையாளத்துக்கு இரண்டு.
"டி.சி. எவிடே?" என்றார் கிளார்க்.
இல்லை.
"களஞ்ஞு போயோ?"
இருந்தால்தானே தொலைய.

வீட்டில் படித்தார்கள் என்றேன்.
"வீட்டின்டெ பேரு?"
பேர் வைக்கவில்லை.
இ.பி. நம்பர் இருக்கிறது, சொல்லவா?
அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஏழு வருடம்.
ஏன் அனுப்பவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம்
வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன்.
எதுவும் பொய் இல்லை.
எதுவும் முழுசும் இல்லை.
கோவனுக்கு வர்க்கமூலம் பிடிபட்டது
ராத்திரி ஒன்றரைக்கு. எழுப்பிச் சொன்னான்.
தும்பைக்கு எட்டு வயதுவரை வாசிப்பு வரவில்லை.
அந்த வருடம் நான் தூங்கிய தூக்கம்
எனக்குத்தான் தெரியும்.
பிறகு ஒரு மத்தியானம்
உர மூட்டையில் அச்சடித்திருந்ததை
மடமடவென்று படித்தாள்,
நைட்ரஜன் சதவீதம் உட்பட.

அனுப்பலாம் என்றது நானில்லை.
அவள்தான் கேட்டாள்:
"பெஞ்சில் பக்கத்தில் ஆள் இருந்தால்
எப்படிம்மா இருக்கும்?"
அதற்கு என்னிடம் பாடம் இல்லை.

முதல் நாள்,
செக்போஸ்டில் பால் வண்டி, வைக்கோல் லாரி,
அதன் பின்னால் அவர்கள் பஸ்.
அது நகரும்வரை இந்தப் பக்கமே நின்றேன்.
வீட்டுக்கு வந்து
பதினொரு மணிக்குப் பழக்கத்தில்
இரண்டு டம்ளர் மோர் ஊற்றினேன்.
இரண்டையும் நானே குடித்தேன்.

சாயந்தரம் வந்த சேதிகள்:
பெல் அடித்தால்
பாதி வாக்கியத்திலேயே எழுந்துவிட வேண்டுமாம்.
பேர் கூப்பிட்டதற்கு
"இங்கேதானே உட்கார்ந்திருக்கேன், டீச்சர்" என்றாளாம்,
வகுப்பு விழுந்து விழுந்து சிரித்ததாம்.
ரஜிதா டீச்சர் அவள் பேரில் இருந்த ஐகாரத்தைக்
கத்தரித்துவிட்டார்.
தும்ப.
ஓணத்துக்குக் களத்தில் இடுவார்களே, அதே பூ.
பிடித்திருக்கிறதாம்.

ராத்திரி சாப்பாட்டில்
சுட்டுவிரலை உயர்த்தினாள்.
என்ன?
"ரசம்."
கரண்டி நடுங்கியது என்று சொன்னால் அது மிகை.
ஊற்றினேன்.
வேண்டிய அளவைவிட அதிகமாகவே ஊற்றினேன்.

கோவன் கதை வேறு.
நாலாம் நாள் போகமாட்டேன் என்றான்.
ஒரே பீரியடில் மூன்று முறை 'ஏன்' கேட்டானாம்.
மூன்றாவதுக்கு,
"முதல்ல போர்ஷன் முடியட்டும்."
போர்ஷன்னா என்னம்மா?
தெரியும். சொல்லவில்லை.
திங்கள் போனான். செவ்வாய் மாமரத்தடியில் கிடந்தான்.
புதன் போனான்.
அதற்குமேல் இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

இன்று நாலரைக்கு பஸ் வந்து நின்றபோது
ஜன்னலில் தும்பையும் ஷஹானா என்றொரு பெண்ணும்.
இறங்கி, சாலை தாண்டி,
ஸ்கூட்டரில் ஏறிய பிறகும்
முதுகுக்குப் பின்னால் சிரிப்பு.
என்னடி?
கொஞ்சம் யோசித்தாள்.
"அது தமிழ்ல வராதும்மா."

எனக்குத் தெரியாத ஒன்று
வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
முதல்முறையாக
என் வீட்டுக்குள் போனது.

விளக்கைப் போட்டு எழுத உட்கார்ந்தாள்.
கதவோரம் நின்று பார்த்தேன்.
பிறகு, என்ன தோன்றியதோ,
விரலை உயர்த்தினேன்.

நோட்டிலிருந்து தலை தூக்காமல்,
"இரும்மா,
இந்த வரி முடியட்டும்."

நின்றேன்.