எம்.டி. தொண்ணூறு

சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்ணைக்
கம்பியால் குத்தி எடுத்தேன்.
தாங்கியைக் கவிழ்க்க
ஒரு கோப்பை துரு,
இன்னும் போகாத மண்ணெண்ணெய் மணம்.

ஜெட்டின் துளைக்கு
பிறேக் வயரில் ஓர் இழை.
புது பிளக், மாங்குளத்தில் வாங்கியது.
பதினேழாம் உதைக்கு இருமியது.
இருபதுக்குச்
செருப்பு அறுந்தது.

பிறகு பிடித்துக்கொண்டது.
தனிப் பெற்றோலில் ஓடிப் பழக்கமில்லை அதற்கு,
கொஞ்சம் திமிறியது.
காற்றுத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

சத்தம் கேட்டு வேலியால் எட்டிப் பார்த்த
நேசராணி சொன்னாள்:
"லைற்றில இன்னும் கறுப்பு மை கிடக்கு."

பாதிக் கண்ணாடிக்கு நான் பூசியதுதான்.
அப்போது வெளிச்சம்
நிலத்தைத் தவிர வேறெங்கும் விழக்கூடாது.

சவர பிளேட்டை எடுத்தேன்,
வைத்தேன்.

ஒட்டுசுட்டான் வீதியில் இரவில்
மாடுகள் படுத்திருக்கும்.
சுரண்டத்தான் வேண்டும்.