கடல் மட்டத்துக்கு மேல்

எங்கள் ஸ்டேஷன் மஞ்சள் பலகையில்
கடல் மட்டத்துக்கு மேல் ஒன்பது மீட்டர்.
ஏற இங்கே என்ன இருந்தது தம்பிக்கு?
வைக்கோல் போர். வாட்டர் டேங்க்.
செல்போன் டவருக்குப் பெயிண்ட் அடித்த கூலியில்
முதல் ஜோடி பூட்ஸ்.

தொழி அடித்த வயலில்
யூரியா மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு
நடப்பான் இளஞ்செழியன்.
பனியும் இப்படித்தான் காலை விடாதாம்.
எங்க வயலையும் ஒரு மிதி மிதிச்சுக் குடேன் என்பார்கள்
பக்கத்து வயல்காரர்கள்.
மிதித்துக் கொடுத்தான். காசும் வாங்கினான்.

ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்தில்
கயிறு அறுந்ததா, இவனே அவிழ்த்தானா,
உடன் போன பையன்
ஒவ்வொரு போனிலும் ஒரு மாதிரி சொல்கிறான்.
நான் திருப்பிக் கேட்பதில்லை.

இறந்த இடம் என்ற கட்டத்தில்
என்னம்மா போட, என்கிறார் வி.ஏ.ஓ.
உடல் இல்லாமல் சர்டிபிகேட் ஆகாதாம்.

கருமாதிக்கு ஆற்றில் மணல்தான்.
அந்தப் பனி மொத்தமும் உருகினாலும்
எங்கள் மதகுக்கு ஒரு சொட்டு வராது;
மேட்டூர் திறக்கணும்.
பம்புசெட்டில் தலை முழுகினோம்.

ஆடி பிறந்து தண்ணீர் வந்தது.
நாற்று முடியோடு வரப்பிலிருந்து இறங்கினேன்.
முழங்கால் வரை வாங்கிக்கொண்டது.
வலது காலை எடுக்க
இடது கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.
யாரையும் கூப்பிடவில்லை.
கொஞ்ச நேரம்
அப்படியே நின்றேன்.