ஃபோலியோவுக்கு எட்டு பென்ஸ்

எழுபத்திரண்டு சொல் சேர்ந்தால் ஒரு ஃபோலியோ.
ஃபோலியோவுக்கு எட்டு பென்ஸ்.
யார் பேசினாலும் அதே கூலி,
திக்கிப் பேசினாலும், இருமலுக்கு நடுவே பேசினாலும்,
பொய்யே பேசினாலும்.
சூப்பரிண்டெண்டென்ட் ட்ரெவானியன் பேசிய இரண்டரை நாளில்
என் பையனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தேறியது.

முர்ரிபெல் நீதிமன்றக் கூடம். தகரக் கூரை.
பிப்ரவரி வெயில்.
கோட்டைக் கழற்றலாமா என்று நாலு ஆணையர்கள்
தலைவர் பெட்டிக்ரூவைப் பார்க்கிறார்கள்.
அவர் கழற்றவில்லை.
குயில்டி சகோதரர்கள் மூவரும் மண்ணுக்குள் போய் எட்டு மாதம்.
பிடிக்கப் போனவர்கள் அதற்குமுன் இருபது மாதம்
யூகலிப்டஸ் காட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்
என்பதுதான் இப்போது விசாரணை.
கேள்விக்கெல்லாம் எண் உண்டு.

2317. ஆற்றுத்துறையில் ஈரம் காயாத குளம்படி இருப்பதாகக்
கான்ஸ்டபிள் மல்ஹெர்ன் சொன்னாரா?
சொன்னார்.
2318. எத்தனை மணிக்கு?
காலைச் சாப்பாட்டு நேரம்.
2319. உடனே புறப்பட்டீர்களா?
முட்டை அடுப்பில் இருந்தது.
2320. வேக எவ்வளவு நேரம்?
எனக்கு நன்றாக வெந்தால்தான் பிடிக்கும்.
2321. பிறகு?
பிறகு மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் போனோம்.

பின்வரிசையில் சிரித்தார்கள்.
சிரிப்பை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம், போட்டேன்.
நோட்டின் ஓரத்தில் ஒரு முட்டையும் வரைந்தேன்.
அன்றைய வேட்டைக்கு மதிப்பெண் அதுதான்.

2334. குளம்படியை முதலில் பார்த்தது மல்ஹெர்னா?
இல்லை. வடக்கிலிருந்து வரவழைத்த கறுப்பன் ஒருவன்.
2335. அவன் பெயர்?
செலவுப் பட்டியலில் இருக்கும்.
பட்டியலைத் தேடிக் கொண்டுவந்தார்கள்.
ஓட்ஸ், பதினெட்டு மூட்டை.
தடம் பார்ப்பவன், ஒன்று.
விளக்குத் திரி, இரண்டு டஜன்.
ஆணையம் 2336-க்குப் போனது.

வாசல் பெஞ்சில் மூன்று நாளாக ஹொனோரா காஃப்னி,
கக்கத்தில் சுருட்டிய மெத்தை உறையோடு.
குயில்டிகளுக்கு அத்தை மகள்.
அதைத் தவிர அவள்மேல் வேறு புகார் கிடையாது.
நான்காம் நாள்,
சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கூப்பிட்டார்கள்.

"ராத்திரி வந்தார்கள். பிள்ளையைத் தூக்கித் தரையில் போட்டார்கள்.
அவனுக்குக் காய்ச்சல்.
மெத்தைக்குள் மூன்று ஆம்பிளைகள் ஒளிய முடியுமா?
கிழித்துப் பார்த்தார்கள். விலை கேட்க வரவில்லை.
கிழித்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள்."

உறையை உதறி விரித்தாள்.
தையலில் மாட்டிக் கிடந்த வாத்து இறகு ஒன்று கிளம்பி,
மேஜையைத் தாண்டி,
ட்ரெவானியனின் சட்டைக்கையில் உட்கார்ந்தது.
பதக்கத்தைத் துடைப்பதுபோல் மெதுவாகத் தட்டிவிட்டார்.

"அம்மணி, இது எங்கள் வரம்புக்குள் வராது" என்றார் தலைவர்.

பின்வரிசையில் மல்ஹெர்ன் எழுந்தார்.
தொப்பி கையில். வாய் பாதி திறந்திருந்தது.
மணி அடித்துவிட்டது.
அன்றைய சாட்சிப் பட்டியலில் அவர் இல்லை.
பட்டியலில் இல்லாதவர் எழுந்து நின்றதை
எழுத எனக்கு உத்தரவில்லை.
எல்லோரும் வெளியேறும்வரை நின்றுகொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் அறிக்கை அச்சாகி வந்தது,
தலைக்கு வைத்துத் தூங்குமளவு கனம்.
ட்ரெவானியனுக்கு "போதிய சுறுசுறுப்பின்மை",
முழு ஓய்வூதியம்.
மல்ஹெர்னுக்குத் தரக்குறைப்பு:
குளம்படி விவரத்தை
எழுத்துமூலம் சமர்ப்பிக்கத் தவறினார்.

ஹொனோரா சொன்னது இருபத்துமூன்று சொல்.
ஃபோலியோ நிரம்பவில்லை, கூலியும் இல்லை.
ஆனால் அன்று மத்தியானம்
காலி வராந்தாவில் உறையை மடித்துக்கொண்டே
என்னை நிறுத்தினாள்.

"எழுதினீர்களா?"
"எழுதினேன்."
"வாசியுங்கள்."

கோடும் கொக்கியுமாக இருந்ததை வாசித்தேன்.
கண்ணை மூடிக் கேட்டாள்.
"காய்ச்சல் இல்லை. கக்குவான்.
கக்குவான் என்றுதான் சொன்னேன்."

பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
காய்ச்சலை அடித்தேன்.
மேலே கக்குவான் என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை,
சரியாக இருக்கிறதா என்று.