சேரம்பாடி, புதன்கிழமை

ஆறரைக்கே தொடங்கிவிட வேண்டும்.
ஏழரைக்கு மேல் யானை நடமாட்டம்.

மூக்குக்கண்ணாடி என்னிடம் மட்டும் இருப்பதால்
வாசிப்பதும் நான்தான்.
கொழுந்துக் கறை போகாத விரல்
வரிக்குக் கீழே நகர்கிறது:
கடல் இரண்டாகி நிற்கிற இடம்.

உபதேசியார் போன மாதம் சொன்ன விளக்கத்தை
அப்படியே சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
அதற்குள் லேயாக்கா கேட்டாள்:
"கடலைத் தாண்டின பிறகு
எத்தனை வருஷம் நடந்தாங்க?"
நாற்பது என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
தலைமன்னாரில் கப்பலேறியபோது
அவள் இடுப்பிலிருந்த தம்பி பூரணதாசுக்கு
இப்போது ஐம்பத்தொன்று முடிகிறது.
இந்த லைன் வீடு
இன்னும் யார் பேரிலும் இல்லை.

விளக்கம் வாய்க்கு வரவில்லை.
ஜெபத்துக்குப் போனோம்.
சாராளின் சர்க்கரை, பச்சை இலை விலை,
ரேஷன் கார்டில் விட்டுப்போன பிள்ளை
என்று ஒவ்வொன்றாக ஏறெடுக்கையில்
பின்புறம் பலாக்கிளை முறிந்தது.

பூரணதாஸ் விளக்கை அணைத்தார்.

சுவருக்கு வெளியே
ஒரு பெரிய மூச்சு.
நாங்கள் ஒன்பது பேரும் பாயில் குனிந்தபடி
எங்கள் மூச்சைச் சிறிதாக்கிக்கொண்டோம்.
இத்தனை வருஷத்தில்
எதையும் கேட்காமல்
இவ்வளவு நேரம்
ஆண்டவர் முன் நான் இருந்ததில்லை.

அது எப்போது போனதோ.
ஆமென் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
இருட்டில் லேயாக்கா கை
என் மடியிலிருந்த வேதத்தைத் துழாவி,
விரித்த பக்கத்தில்
தன் கொண்டை ஊசியைச் செருகியது.

"அடுத்த புதனும் இதே இடம்," என்றாள்.
"எனக்கு இன்னும் முடியலை."