ஐந்நூற்று எழுபது கிராம்

தோவாளைப் பூச்சந்தை. விடியுமுன் நாலு மணி.
பிச்சிப்பூ நிறுக்கிற தட்டில்
மூன்று பழைய கேமராக்களை
ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்.
"இன்னைக்கு பிச்சி தொள்ளாயிரம்,
இதுக்கு என்ன வெலை டீச்சர் போடணும்?"
செண்பகராமன் சிரிக்கிறான்,
என்னிடம் நீளம் தாண்டியவன், எட்டாம் வகுப்பில்.

முதலாவதற்கு மேலும் கீழும் கண்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது.
வயிற்றோடு அணைத்து
தலை குனிந்தால்தான் காட்டும்.
மங்கல் கண்ணாடியில்
கிழக்கே போகிற பூக்கூடை
மேற்கே போகிறது.
கேந்திக் குவியல் பின்னால் வந்து நிற்கிறது.
அழகுதான்,
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.
வார் இழுத்தது,
நெய்யூரில் தையல் போட்ட இடத்துக்கு
நேர் மேலே.

இடக்கையில் ஒரு கிலோவுக்கு மேல் கூடாது
என்றிருந்தார் டாக்டர்.
"ஃபிலிமோட சேத்தா சார்?"
"எந்த ஃபிலிம்? ஸ்கேன் ஃபிலிமா?"
வரிசையில் ஆள் நின்றது,
விளக்காமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது வெறும் பிளாஸ்டிக்,
முந்நூறுகூட இல்லை.
நடுவில் மட்டும் தெளியும்,
மூலை நான்கும் இருண்டுபோகும்.
அதுதான் அழகென்று வாங்குகிறவர்கள் உண்டாம்.
எனக்கு மூலைகள் வேண்டும்.
வள்ளம் கரைக்கு வருவது
மூலையிலிருந்துதான்.

மூன்றாவது மடக்குக் கேமரா.
மூடினால் ஒரு சின்ன வேதப்புத்தகம்.
பொத்தானை அமுக்கினால்
டக்கென்று வாய் திறந்து
துருத்தி நீட்டும்.
ஐந்நூற்று எழுபது.
திப்ருகார் ரயிலில் நாலு ராத்திரி,
ஸ்வெட்டர் பையில் கிடக்கும்.

குளச்சல் ததேயுஸ் மறைக்கவில்லை:
"துருத்தியில ஓட்டை உண்டும் டீச்சர்.
மூணையும் கொண்டு போங்க.
வேண்டாததத் திருப்பித் தந்தா போதும்."

குளியலறையில் விளக்கை அணைத்து
துருத்திக்குள் டார்ச் அடித்தேன்.
மடிப்பு முனைகளில் ஆறு புள்ளி,
கார்த்திகைக் கூட்டம்.
இவ்வளவு நுணுக்கமாக
என்னையும் யாரோ
விளக்கணைத்துப் பார்த்தார்கள் போன ஆடியில்.
மகளின் கருப்பு நகப்பாலிஷ் எடுத்து
ஒவ்வொன்றாக அடைத்தேன்.
இரண்டு பூச்சு.
இடையில் காய விட்டு
தோசை சுட்டேன்.

தூரம் காட்டும் கருவி இதில் இல்லை.
கண்ணால் அளந்து
வளையத்தில் மீட்டரைத் திருப்பி வைக்கணும்.
சிரிப்பு வந்தது.
முப்பத்தோரு வருஷம் மணல் குழி ஓரம்
டேப் பிடித்தவளிடமா?
இங்கிருந்து அந்தத் தராசுக்கம்பி
மூன்றரை.
செண்பகராமன் முழம் போட்டு ஒப்புக்கொண்டான்.
பழக்கத்தில் கேமராவை வாழையிலையில் பொதிந்து
நாரால் கட்டியும் தந்தான்,
கொசுறாக ஒரு கை பிச்சி.

சனிக்கிழமை முட்டம்.
முதுகில் ஒரு சிவப்புச் சன்னல்,
எண் தெரிகிறவரை திருகணும்.
பன்னிரண்டே படம்.
காற்றில் துருத்தி விம்மியது.
பாறை மேல் ஒரு பையன்,
கால்சட்டையை இறுக்கிக்கொண்டு
கடலைப் பார்த்து நின்றான்.
பாறை ஆறு மீட்டர்.
ஆனால் இவன் முன்னால் அல்லவா குதிப்பான்,
முழங்கால் மடித்த விதம் தெரிகிறதே.
ஐந்தில் வைத்துக் காத்திருந்தேன்.

சென்னையிலிருந்து கூரியர் வர
ஒன்பது நாள்.
கலங்கரை விளக்கம் சாய்ந்திருக்கிறது.
வலை தைக்கிற அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.
பையன் அந்தரத்தில்,
விலா எலும்பு எண்ணலாம்.
அவன் இடத் தோளுக்குப் பக்கம்
ஒரு வெள்ளைப் பொட்டு,
தீக்குச்சித் தலையளவு.

ஏழாவது ஓட்டை.

டார்ச்சை மறுபடி எடுத்தேன், தேடினேன்,
கண்டுபிடித்தும்விட்டேன்.
நகப்பாலிஷ் தீர்ந்திருந்தது.
மற்ற இரண்டையும் குளச்சல் பஸ்ஸில் ஏற்றி
ததேயுஸுக்கு அனுப்பினேன்.
ரயில் வியாழக்கிழமை.
ஐந்து ஃபிலிம், ஒரு ஸ்வெட்டர்,
மாத்திரை டப்பா,
எல்லாம் தட்டில் வைத்தால்
கிலோவுக்கு மேல் கொஞ்சம் போகும்.
வலக்கை சும்மாதானே இருக்கிறது.